தொற்றுநோய் மருத்துவரின் கதவைச் சாத்தாதீர்கள்

மருத்துவமனைத் தலைமை அதிகாரி அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வெளிநோயாளர் பதிவு மேசைக்கு மேலே நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். அடுத்த மாதம் முதல் தொற்றுநோய்ப் பிரிவுக்குத் தனி வெளிநோயாளர் நேரம் கிடையாது. நோயாளிகள் நேரடியாக முன்பதிவு செய்ய முடியாது. சிகிச்சை தரும் மருத்துவர் தேவை என்று கருதினால் மட்டும் தொற்றுநோய் நிபுணரிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டுக்கொள்வார். அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'காய்ச்சல் முழுப் பரிசோதனைத் தொகுப்பு' என்று ஒரு விளம்பரம். கேள்வி கேட்கும் மருத்துவரை எடுத்துவிட்டு, கேள்வியே இல்லாத ஒரு டஜன் சோதனைகளை அந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள். இதை என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. காரணம், நீங்கள் மூடப்போகும் அந்தக் கதவு வழியாகத்தான் என் அம்மா பிழைத்து வந்தார்.

அம்மாவுக்கு முதலில் வந்தது இடுப்புக்கு மேலே முதுகுவலி. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், இரவில் தலையணை நனையும் அளவு வியர்வை. எலும்பு மருத்துவர் 'வயசாச்சு, தேய்மானம்' என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார். காய்ச்சல் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, 'அதைப் பொது மருத்துவர் பார்ப்பார்' என்றார். முதுகும் காய்ச்சலும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு உங்கள் மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் வேலையாக அந்தத் தொகுப்புச் சோதனை. வைடால் சோதனையில் அளவு சற்று கூடியிருந்தது, எனவே டைபாய்டு என்றார்கள். வைடால் 1896-ல் வந்த சோதனை. அது டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு எப்போதோ உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. பழைய தொற்று, தடுப்பூசி, வேறு கிருமிகளின் தொற்று என எதனாலும் அது கூடலாம். ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்கள் மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அன்றிரவே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கியது.

பிளட் கல்ச்சர், அதாவது இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்தது மறுநாள். கையில் ஏற்கெனவே ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த ஊசிக்குழாயைத் திறந்து, அதிலிருந்தே இரத்தம் இழுத்து, ஒரே ஒரு புட்டியில் நிரப்பினார் செவிலியர். புட்டியில் கோடு போட்ட அளவில் பாதிகூட வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்களுக்குக் கல்ச்சர் என்றால் ஆன்டிபயாடிக் தொடங்குமுன், வேறு வேறு இடங்களில் புதிதாகக் குத்தி, குறைந்தது இரண்டு செட் (ஒரு செட் என்பது ஒரே குத்தலில் நிரப்பும் புட்டிகள்) எடுக்க வேண்டும். ஒவ்வொரு புட்டிக்கும் 8 முதல் 10 மில்லி இரத்தம் வேண்டும். இரத்தம் குறைந்தால் கிருமி சிக்கும் வாய்ப்பும் குறையும். ஒரே செட் எடுத்தால், வளர்ந்தது உடம்புக்குள் இருந்த கிருமியா, தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகும்.

சரியாக அதுதான் நடந்தது. எல்லார் தோலிலும் குடியிருக்கும் ஒரு வகை ஸ்டஃபைலோகாக்கஸ் அந்தப் புட்டியில் வளர்ந்தது. இரண்டாவது செட் இருந்திருந்தால் அதோடு ஒப்பிட்டிருக்கலாம். இல்லாததால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று வான்கோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக் சேர்க்கப்பட்டது. காய்ச்சல் அடங்கவில்லை என்று செஃப்ட்ரியாக்சோனை நிறுத்தி மெரோபெனம். அடுத்து வந்த இரத்தச் சோதனைகளில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறிக்கொண்டே போனது. இல்லாத ஒரு தொற்றுக்குக் கொடுத்த மருந்தால் சிறுநீரகம் அடி வாங்கியது. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் என்று உங்கள் வரவேற்பறையில் சுவரொட்டி தொங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று பட்டியலாகப் பிரித்தது. தாராளமாகப் பயன்படுத்தக்கூடியவை, கவனத்தோடு பயன்படுத்த வேண்டியவை, கடைசிக் கையிருப்பாக வைக்க வேண்டியவை. அம்மாவுக்கு ஏறிய மூன்றும் கவனப் பட்டியலில் உள்ளவை. அந்தக் கவனத்தைச் செலுத்த வேண்டிய மருத்துவர் இரண்டு மாடி கீழே உட்கார்ந்திருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. நாங்கள் கேட்டோம். 'தேவைப்பட்டால் நாங்களே கூப்பிடுவோம்' என்பது பதில். இப்போது அந்தப் பதிலையே விதியாக்கி ஒட்டியிருக்கிறீர்கள்.

முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கீழ் முதுகில் இரண்டு எலும்புகளும் நடுவிலுள்ள தட்டும் சேர்ந்து தொற்றுக்குள்ளாகியிருந்தன. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுத் திசுத் துணுக்கு எடுத்தார்கள். எடுத்தவை அத்தனையும் ஃபார்மலின் குப்பியில் போய் விழுந்தன.

இதைச் சாதாரண நோயாளிக்குப் புரியும்படி சொல்கிறேன், ஏனென்றால் இந்த மடலை அவர்களும் படிப்பார்கள். ஃபார்மலின் திசுவை அழுகாமல் காக்கும். அதிலுள்ள கிருமியைக் கொன்றும்விடும். நுண்ணோக்கியில் திசுவின் அமைப்பைப் பார்க்க அது வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு துணுக்கை ஃபார்மலின் படாமல், கிருமி நீக்கிய குப்பியில், மைக்ரோபயாலஜி ஆய்வகத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். ஒரு குப்பி கூடுதலாக வைத்தால் முடிகிற காரியம். ஆனால் ஊசி குத்துமுன் யாராவது ஒருவர் 'இது எந்தக் கிருமியாக இருக்கலாம், எதெதற்கு அனுப்ப வேண்டும்' என்று யோசித்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி எழுதுவதுதான் தொற்றுநோய் நிபுணரின் வேலை. ஊசி குத்தியவருக்கு ஊசி குத்தும் வேலைதான் தரப்பட்டிருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இரவுப் பணியில் ஒற்றை ஆளாக ஒரு வார்டையே ஓட்டிக்கொண்டிருந்த அந்த இளம் மருத்துவர் மீதும் எனக்குக் கோபமில்லை. முறை இல்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள்.

ரிப்போர்ட்டில் 'கிரானுலோமா, காசநோயாக இருக்கலாம்' என்று வந்தது. கிரானுலோமா என்பது நாள்பட்ட தொற்று போன்றவற்றில் திசுவுக்குள் உருவாகும் செல்களின் முடிச்சு. இருக்கலாம் என்ற சொல் வார்டுக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போய்விட்டது. காசநோய் மாத்திரைகள் நான்கும் தொடங்கின. காய்ச்சல் இறங்கியது. எல்லாருக்கும் நிம்மதி. 'ஐ.வி. ஆன்டிபயாடிக் தரப்பட்டது' என்று ஒற்றை வரி எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியோடு வீட்டுக்கு அனுப்பினீர்கள். எந்த மருந்து, என்ன அளவு, என்று தொடங்கி என்று நிறுத்தியது, கல்ச்சர் எடுத்தது மருந்துக்கு முன்பா பின்பா, ஒன்றும் அதில் இல்லை.

வாரங்கள் கழித்துக் காய்ச்சல் திரும்பியது. இந்த முறை யாருடைய அனுமதியும் கேட்காமல், தொற்றுநோய்ப் பிரிவில் நாங்களே முன்பதிவு செய்து போனோம்.

அந்த மருத்துவர் சோதனைச் சீட்டை எடுக்கவே இல்லை. முதலில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துவிட்டு, மருந்துக்கடை ரசீதுகளைக் கேட்டார். அந்த ரசீதுகளிலிருந்துதான் எந்த ஆன்டிபயாடிக் எப்போது ஏறியது என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, வேலை, பயணம், வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா, பழைய அறுவைச் சிகிச்சை எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, 'வீட்டுல மாடு இருக்காம்மா?' என்றார். இருந்தது. 'சமீபத்துல கன்னு போட்டுச்சா?' அம்மா தயங்கிவிட்டு, மாதம் நிறையாமலே கன்று செத்து விழுந்ததையும், நஞ்சுக்கொடி வராமல் போக, தானே வெறுங்கையால் எடுத்ததையும் சொன்னார். எனக்கே அது புதுச் செய்தி. இத்தனை நாளில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்காததை அவர் ஏன் சொல்லப்போகிறார்? முதுகுவலிக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

புரூசெல்லா. 1887-ல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் மால்டாத் தீவில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் கண்டெடுத்த கிருமி. ஆட்டுப்பாலில் அது இருப்பதை 1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் சமித் என்ற மால்டா மருத்துவர் காட்டினார். நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த நோய். சினை மாடுகள் கன்று கலைக்கும், அந்த நஞ்சுக்கொடியைத் தொடுபவர்களுக்கும் காய்ச்சாத பாலைக் குடிப்பவர்களுக்கும் தொற்றும், கீழ் முதுகெலும்பில் போய் உட்காரும். திசுவில் கிரானுலோமாவையும் உண்டாக்கும். அதனால் காசநோய் போலவே தோன்றும். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியையும் ஓரளவு அடக்கும், தனியாக நின்று ஒழிக்காது. காய்ச்சல் இறங்கியதும் திரும்பியதும் அதனால்தான் என்றார் மருத்துவர்.

சோதனை விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் கிருமியைத் திரளவைக்கிறதா என்று பார்க்கும் புரூசெல்லா திரட்சிச் சோதனை முதலில் நெகட்டிவ் என்று வந்தது. நாங்கள் முகம் வாடிப்போனோம். மருத்துவர் ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டு, 'எத்தனை மடங்கு வரை நீர்த்துப் பார்த்தீர்கள்?' என்று கேட்டார். எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருக்கும்போது, குறைவாக நீர்த்த இரத்தத்தில் இந்தச் சோதனை நெகட்டிவ் காட்டிவிடும். மேலும் மேலும் நீர்த்தால்தான் உண்மை தெரியும். அதே இரத்தத்தை மறுபடி நீர்த்துப் பார்த்தார்கள். நிறைய நீர்த்த நிலையிலும் பாசிட்டிவ். தொலைபேசியில் 'புரூசெல்லா நெகட்டிவ்' என்று மட்டும் கேட்டிருந்தால் எந்த மருத்துவரும் அடுத்த நோயைத் தேடப் போயிருப்பார். ரிப்போர்ட்டை நம்பாமல் ரிப்போர்ட் போட்டவரைக் கேள்வி கேட்ட அந்த ஒரு நிமிடத்துக்கு உங்கள் பில்லில் தலைப்புக் கிடையாது. இந்தப் பிரிவு லாபமில்லாமல் தெரிவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். வேண்டாத ஸ்கேனை நிறுத்துகிறவர், வேண்டாத ஊசியை நிறுத்துகிறவர், நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறவர் உங்கள் வரவுக் கணக்கில் எப்படித் தெரிவார்?

அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டியதாயிற்று, முதல் தடவை எடுத்தது ஃபார்மலினில் போனதால். இந்த முறை மருத்துவர் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். இது மெதுவாக வளரும் கிருமி, ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கே தொற்றிக்கொள்வதில் முன்வரிசையில் நிற்பது. சந்தேகத்தைச் சொல்லி அனுப்பினால்தான் அவர்கள் பாதுகாப்போடு கையாள்வார்கள், புட்டியைக் கூடுதல் நாள் வைத்திருப்பார்கள். உங்கள் சொந்த ஊழியர்களின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. காசநோய்க்கான சோதனைகள் நெகட்டிவ். கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. வாரக்கணக்கில் ரிஃபாம்பிசின் உள்ளே போயிருந்த உடம்பில் வளரும் என்று அவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. மாட்டின் கதையையும், இரத்தச் சோதனையையும், எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுத்தார்.

இப்போது அந்தக் கிரியாட்டினின். முதுகெலும்பு புரூசெல்லாவுக்கு டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் குறைந்தது மூன்று மாதம். தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் ஜென்டாமைசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்ப்பது நல்லது, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும் என்றார். ஆனால் அந்த ஊசிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. வான்கோமைசின் ஏற்கெனவே கெடுத்து வைத்திருந்த சிறுநீரகத்தை நம்பி அவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. வேறு மாத்திரை சேர்த்து, சிகிச்சைக் காலத்தை நீட்டினார். ஒழுங்காக எடுக்காத ஒரு புட்டி இரத்தம், மாதங்கள் கழித்துச் சரியான மருந்தின் வழியிலும் குறுக்கே நின்றது.

அம்மா இப்போது நடக்கிறார். குனிந்து எதையும் எடுக்க முடியாது. முன்பே பிடித்திருந்தால் அந்தத் தட்டு அவ்வளவு அரித்திருக்காது என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அவசர நோயாளிக்கு மருந்தைத் தாமதிக்க முடியாது என்பீர்கள். உண்மை. செப்சிஸில், அதாவது தொற்றால் உறுப்புகளே செயலிழக்கத் தொடங்கும் நிலையில், இரத்த அழுத்தம் சரிந்து வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அங்கேயும் முதல் சில நிமிடங்களில் கல்ச்சர் எடுத்துவிட முடியும். என் அம்மா அப்படி வரவில்லை. தானே நடந்து வந்து பதிவு மேசையில் பெயர் சொன்னவர். முதுகெலும்புத் தொற்றில் நோயாளி நிலையாக இருந்தால், நரம்பு பாதிக்கப்படாமல் இருந்தால், கிருமி தெரியும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைப்பது நல்லது என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

எல்லாக் காய்ச்சலுக்கும் நிபுணர் தேவையா என்றும் கேட்பீர்கள். தேவையில்லை. பெரும்பாலான காய்ச்சலைப் பொது மருத்துவரே நன்றாகப் பார்க்கிறார். இரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற ஆபத்தான கிருமி வளர்ந்தவர், இதய வால்வில் தொற்று உள்ளவர், செயற்கை மூட்டில் சீழ் பிடித்தவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர், எலும்புத் தொற்று உள்ளவர், காரணம் பிடிபடாமல் வாரக்கணக்கில் காய்ச்சலோடு இருப்பவர் — இவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். இவர்களில் முதலாமவருக்குத் தொற்றுநோய் நிபுணர் நேரில் பார்த்தால் இறப்பு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தொலைபேசியில் கேட்டால் போதாதா என்றால், மாட்டைப் பற்றிய கேள்வி தொலைபேசியில் வந்திருக்காது. 'முதுகெலும்பில் காசநோய், மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது' என்று மறுமுனையில் சொல்லியிருப்பார்கள். அவரும் சரி என்று வைத்திருப்பார்.

ஆகவே கேட்கிறேன்.

தொற்றுநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் நேரத்தை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாக முன்பதிவு செய்யும் வழி இருக்க வேண்டும். வாரத்தில் எல்லா நாளும் முடியாதென்றால் சில நாட்களாவது வையுங்கள். வழியே இல்லாமல் செய்யாதீர்கள்.

உள்நோயாளியாக இருப்பவரோ அவர் குடும்பமோ தொற்றுநோய் நிபுணரின் கருத்தைக் கேட்டால், மறுக்கும் மருத்துவர் காரணத்தை நோயாளியின் கோப்பில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேலே நான் சொன்ன நிலைகளில் கேட்காமலேயே நிபுணர் நேரில் வந்து பார்ப்பது கட்டாயமாக வேண்டும், முதல் ஆன்டிபயாடிக் தோற்ற பிறகு அல்ல, தொடக்கத்திலேயே.

ஆன்டிபயாடிக்குக்கு முன் இரண்டு செட் கல்ச்சர், புதிதாகக் குத்திய இடங்களிலிருந்து, கோடு வரை இரத்தம். தொற்று என்ற சந்தேகத்தில் எடுக்கும் எந்தத் துணுக்கும் ஃபார்மலின் குப்பிக்குப் போகுமுன் ஒரு பகுதி மைக்ரோபயாலஜிக்கு. ஸ்கேன் அறையில் அந்த இரண்டாவது குப்பியை இன்றைக்கே வைக்கலாம், நிர்வாகக் குழு கூட வேண்டிய அவசியம்கூட இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கொடுத்த ஒவ்வோர் ஆன்டிபயாடிக்கின் பெயர், அளவு, தொடங்கிய நிறுத்திய தேதிகள், கல்ச்சர் எடுத்த நேரம், இன்னும் வர வேண்டிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருக்க வேண்டும். அடுத்த மருத்துவர் மருந்துக்கடை ரசீதில் நோயாளியின் கதையைத் தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

காய்ச்சல் தொகுப்பு விளம்பரத்திலிருந்து வைடால் சோதனையை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதென்றால், அதை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவுசெய்ய முடியாது என்ற வரியையும் விளம்பரத்தின் அதே எழுத்தளவில் சேருங்கள்.

அம்மாவின் கோப்பு உங்கள் ஆவணப் பிரிவில் இருக்கிறது. அதைப் பார்க்க எங்கள் சம்மதத்தை எழுத்தில் தந்துவிட்டோம். உங்கள் மருத்துவத் தணிக்கைக் குழு அதை எடுத்துப் பார்த்து, முதல் நாளிலிருந்து எங்கே எது தவறியது என்று எங்களுக்கு எழுத்துமூலம் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒருவரின் மகள்